பெயர் ஒன்று, நட்சத்திரம் ஒன்று, பெண்கள் இருவர்

கடைக்காரர் சங்கத்தைக் கட்டிக் காத்துவரும் தலைவர் பர்செக் அவர்களே, ஹாலிவுட் நடைபாதையில் நடந்தே நரைத்த பெரியோர்களே, பிள்ளைகளை மடியில் வைத்திருக்கும் தாய்மார்களே, முகமூடியைக் கழற்றி முழங்காலில் வைத்திருக்கும் சூப்பர்ஹீரோ வேடக்காரர்களே, வணக்கம். வீட்டில் கல்லூரி முடித்த முதல் பிள்ளை என்று என்னை மேடையேற்றிவிட்டீர்கள். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நம் தெருவின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். நடைபாதைத் தரையில் பெயரோடு நட்சத்திரம் பதிக்கப்பட்ட கலைஞர் இறந்தால், அதன்மேல் மலர்வளையம் வைப்போம். சென்ற வசந்தத்தில் டெல்லா வின்ஸ்லோ என்ற இளம் பாடகி இறந்தாள். அவளுக்கு நட்சத்திரம் இல்லை. ஆனால் என் கடை வாசலில் அதே பெயரில் ஒன்று இருந்தது. நடுவில், துறையைக் காட்டும் சின்னமாக, ஒலிவாங்கி. பாடகிக்கென்றால் அங்கே இசைத்தட்டு அல்லவா இருக்கும்? யார் பார்த்தார்கள்?

"மைக் இருக்குல்ல? பாட்டுக்காரிதான்!" என்றது கூட்டம். குவிந்தன பூக்கள். கொட்டியது கண்ணீர்.

ஒலிவாங்கி வானொலிக்கு உரியது, நண்பர்களே! அந்த நட்சத்திரத்துக்கு உரிய டெல்லா வேறொருவர்; வானொலி நாடகங்களில் நடித்தவர். குரலால் அடுக்களைகளை அழவைத்தவர். முகத்தை ஒருவரும் அறியார். அன்றும் வழக்கம்போல் வந்து அங்கேதான் நின்றார்.

அழுதுகொண்டிருந்த ஒரு பெண் திரும்பிச் சொன்னாள்: "பாட்டி, பூவை மிதிச்சிடாதீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"மன்னிச்சுக்கோம்மா" என்று தள்ளி நின்றார். தன் பெயரிலிருந்து தானே தள்ளி நின்றார்!

நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "சொல்லிடுங்கம்மா, இது நீங்கதான்னு."

"சும்மா இரு, அரெவிக். இத்தன வருஷத்துல யாராச்சும் இதுமேல அழுதிருக்காங்களா? பபிள்கம்தான் ஒட்டிட்டுப் போவாங்க. இன்னிக்கு அழறாங்க. அதையும் நிறுத்தச் சொல்றியா?"

"நீங்க உயிரோட இருக்கீங்களேம்மா!"

"அதான்டி வேடிக்கை. என் எழவுக்கு நானே வந்துட்டேன். லில்லிப் பூதான் எனக்கு ஆகாது, தும்மல் வருது."

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். அவர் சிரித்து முடித்த பிறகும் என் கையை விடவில்லை. கூட்டம் கலையும்வரை விடவில்லை.

நேற்று அவர் இறந்துவிட்டார். முதியோர் இல்லத்தில், பக்கத்துப் படுக்கை காலியாக இருந்த அறையில். பூக்கடைக்கு ஓடினேன்.

"வின்ஸ்லோவா? அந்தம்மா போன வருஷமே போயிட்டாங்களேம்மா! நானே ரெண்டு வளையம் கட்டுனேன்" என்றார் அர்ட்டூரோ.

தலைகுனியாதீர்கள் அண்ணா, உங்களை மட்டுமா சொல்கிறேன்? இன்று காலை அந்த நட்சத்திரத்தின்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்! குனிந்தவர் ஒருவர் உண்டா? ஒரு மனுஷிக்கு உரிய கண்ணீரை முன்கூட்டியே வேறொருத்திக்குச் செலவழித்துவிட்டு, கை விரிக்கலாமா இந்தத் தெரு? புகழுக்குப் பூ வைத்த நாம், பிரிவுக்குப் பூ வைக்க மாட்டோமா? ஊரே மிதித்து நடக்கும் இடத்தில் பெயர் இருந்தும், ஒருவரும் இல்லாமல் அவரைப் போக விடலாமா?

கூட்டம் முடியும்வரை காத்திருக்கப்போவதில்லை; இதோ, இறங்கி அந்த நட்சத்திரத்துக்குப் போகிறேன். பூ இல்லாவிட்டால் பரவாயில்லை, வெறுங்கையோடு வாருங்கள். இந்த முறை பெயரும் சரி, ஆளும் சரி.

கேட்ட செவிகளுக்கு நன்றி. எழுந்து வரும் கால்களுக்கு என் வணக்கம்.