பாசியில் எழுதிய கோஷம்

1954, எல்லைப் போராட்ட நாட்கள். பாறசாலை பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பேர். மூத்தவர் சொன்னார்: "எழுத்தை அழிக்கணும்னா நம்ம வேதக்கோயில் சுவர் முழுசையும் கழுவணும் மக்கா."

"ஏன் அண்ணே? 'தமிழ்நாட்டோடு சேருவோம்'னு நாலு வார்த்தைகூட இல்ல. இண்ணைக்கே அழிக்கணும்னு போதகர்கிட்ட சொல்லிட்டுப் போலீசு போயிருக்கு. கம்பி பிரஷ் வச்சுத் தேய்ச்சா போவாதா?"

"சாயத்துலயா எழுதினான்? பாசியைச் சுரண்டியாக்கும் எழுதியிருக்கான். எழுத்து உள்ள இடந்தான் சுத்தமான செங்கல்லு. மிச்சப் பாசியையும் எடுத்தாத்தான் எழுத்து மறையும். கம்பி பட்டா இடையில உள்ள செவப்புச் சாந்து உதிரும். தண்ணியில ஊற வச்சு, தேங்காத் தொண்டு நாரு வச்சு மெதுவாத் தேய்க்கணும்."

"அப்போ எழுதினவன் சாந்தைக் கெடுத்திருப்பானே?"

"விரல் வச்சுப் பாத்தேன். ஒரு பொடி உதிரல்ல."

இளையவர் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"சாந்து உதிரும்னு தெரிஞ்சு எழுதினவன் நம்ம சபைக்காரனாக்கும்," என்றார் மூத்தவர். "போலீசு வந்தா சாந்தைப் பத்தி வாயைத் திறக்காதே."