வாய் ஓயாத அப்பா

சூயிங்கம் மெல்லுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது, ஐயா. தைக்கக் கொடுத்த துணியில் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்தது அப்பாவுக்காகத்தான்.

அப்பாவுக்கு நினைவு தப்பிப் போயிருந்தது. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பதற்குள், துணி வெட்டுகிற என் மேசைக்குப் பின்னால் வந்து நிற்பார்.

“சாப்பாடு ஆச்சாடா?”

“இப்பதானேப்பா சாப்பிட்டீங்க.”

“யாரு, நானா? உன் கத்திரிக்கோல் சாப்பிட்டிருக்கும்.”

போவார், வருவார், மறுபடி கேட்பார். எனக்கும் ஓர் இடத்தில் உட்கார முடியாமல் போயிற்று. அவர் செருப்புச் சத்தம் நின்றாலும், எப்போது தொடங்குமோ என்று காது அங்கேயே கிடக்கும். ஒருநாள் பள்ளிச் சீருடைத் துணியைக் கோணலாக வெட்டிவிட்டேன். அன்று மாலை பெட்டிக்கடைக்காரர்தான் சூயிங்கத்தை எடுத்துக் காட்டிச் சொன்னார்: “இதை மென்னா பசி தெரியாதுங்க. உடம்பு குறையணும்னு என் பொண்டாட்டி மெல்லுறா. உடம்பு குறையல, என்கிட்ட பேச்சுதான் குறைஞ்சுது.”

அப்பா மென்றார். வீடு அடங்கியது.

முதலில் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவில்தான் கொடுத்தேன். வேலை நெருக்கிய ஒரு மதியம் சமைக்க மறந்துவிட்டேன். வழக்கம்போலக் கேட்டுக்கொண்டு வந்தார்.

“சாப்பிட்டுக்கிட்டுத்தானே இருக்கீங்க? வாயைப் பாருங்க” என்றேன்.

கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, “அட, ஆமா” என்று சிரித்தார். சண்டையில்லை, அழுகையில்லை. மறுநாளும் அதையே சொன்னேன். பிறகு அவருக்கென்று உலை வைப்பதை விட்டுவிட்டேன். தண்ணீர் மட்டும் தவறாமல் கொடுத்தேன்.

வெளியூரில் இருக்கும் அக்கா போனில் முகம் பார்த்துப் பேசுவாள். “எப்ப பார்த்தாலும் மென்னுக்கிட்டே இருக்காரேடா. பார்த்துக் குடு, வயித்துக்கு ஆகாது” என்பாள். கன்னம் ஒட்டிவிட்டதே என்று ஒருமுறை கேட்டாள். வயசாகிறதல்லவா என்றேன். அவர் சட்டைகளின் பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே பிடித்துத் தைத்திருந்தேன். தொளதொளவென்று தெரிந்தால் அவள் வீணாகக் கவலைப்படுவாள். திரும்பத் திரும்பப் பிடிக்க வேண்டியிருந்தது. பிடிக்கத் துணி இல்லாத அளவுக்கு வந்தபோது, அவள் போன் வரும்போதெல்லாம் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன்.

ஆமாம் ஐயா, பட்டினி போட்டுக் கொன்றது நான்தான். ஆனால் பசிக்கிறது என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

கடைசி நாளன்று, வாயில் இருந்ததை எடுத்துப் பாதியாகப் பிய்த்து என்னிடம் நீட்டினார்.

“நீ சாப்பிட்டியாடா? வேலை வேலைன்னு வயித்தைக் காயப் போடாத.”

வேண்டாம் என்றேன். எனக்கு உண்மையிலேயே பசியில்லை. அப்போதுதான் சாப்பிட்டு எழுந்திருந்தேன்.