நட்சத்திர அட்டை நீரில் மாண்ட கதை

மூன்று பெஞ்சுகளை ஒட்டிப்போட்டு அதை மேடை என்று நம்பி அமர்ந்திருக்கும் தலைமை ஆசிரியர் அவர்களே! கண்ணீர் வராததால் மூக்கை மட்டும் உறிஞ்சும் வகுப்பாசிரியை அவர்களே! பிள்ளைகளின் நாற்காலியில் முழங்கால் காதில் இடிக்க உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே! நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பப் போவதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒருவரும் நம்பமாட்டீர்கள்!

மூன்றாம் வகுப்பின் ஒழுக்கக் காவலர், சுவராண்ட சக்கரவர்த்தி, திருவாளர் நட்சத்திர அட்டை அவர்கள், சென்ற வாரம் குழாய் உடைந்த வெள்ளத்தில் ஊறிக் காலமானார். எப்பேர்ப்பட்ட அட்டை! வாய் திறக்காத பிள்ளைக்கு ஒரு தங்க நட்சத்திரம். திறந்தால் ஒட்டியதையும் பிய்த்துவிடுவார். அவர் ஆட்சியில் யார் பேசினார்கள்? யார் சிரித்தார்கள்? ஈகூட இறக்கையை மடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்துதான் போனது!

என் அக்கா மகளை உங்களுக்குத் தெரியும். வாயாடி. பல் தேய்க்கும்போதும் நுரையோடு பேசுவாள். அவள் தூக்கத்தில் கேட்ட கேள்விக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறார். அவளையே ஊமையாக்கினாரே நம் அட்டையார், அவர் சாதாரண ஆளா! சாப்பிடக் கூப்பிட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். "என்னடி, நாக்கை ஸ்கூல்லயே கழட்டி வச்சுட்டு வந்துட்டியா?" என்று அக்கா கேட்பாள். அதற்கும் உதட்டில் ஒரு விரல். வீட்டில் பேசினாலும் டீச்சருக்குத் தெரிந்துவிடுமாம்.

அன்று டீச்சர் அலுவலகத்துக்குப் போயிருந்தார். வகுப்பின் மூலையில் கை கழுவும் குழாய் பிடுங்கிக்கொண்டது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. யாராவது கத்தினார்களா? கழுத்துக்கு வந்தது. கத்தினார்களா? ஒரு திமிங்கிலம் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, இந்த அமைதியைக் கண்டு, "மன்னிக்கணும், பாடம் நடக்குதா?" என்று பின்வாங்கியது. வெளியே வராந்தாவில் நம் தலைமை ஆசிரியர் பெருமை பொங்கச் சொல்கிறார்: "பாத்தீங்களா டீச்சர், ஒரு சத்தம் இல்ல! எல்லாம் நம்ம அட்டை பண்ற வேலை!" சொல்லிக் கதவைத் திறந்தார். திறந்தவரை வெள்ளம் தூக்கிக்கொண்டுபோய் வாசல் கேட்டில் மாட்டியது. பசை கரைந்து, நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக மிதந்து, அட்டையார் கூழாகிப் போனார்.

அழவா கூடியிருக்கிறோம்? அதோ மேசைமேல் பாருங்கள், அவருடைய வாரிசு! பிளாஸ்டிக் உறை போட்டு, தண்ணீரிலும் சாகாதபடி செய்து வைத்திருக்கிறார்கள்! பிள்ளைகள் நனையலாம், அட்டை நனையக்கூடாது!

"சார், போதும், உக்காருங்க," என்கிறார் தலைமை ஆசிரியர்.

உட்கார்ந்தால் எனக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள், ஐயா?

மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று சபதம் எடுத்துத்தான் இந்த மாதிரிக் கூட்டங்கள் கலையும். நானும் எடுக்கிறேன். அவர் தொங்கிய அந்தச் சுவராணியில் இன்னொரு அட்டை ஏறினால், ஆணியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் போவேன்!

திமிங்கிலம் பொய். கேட்டில் மாட்டியதும் பொய். தண்ணீர் கணுக்காலைத் தாண்டவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று ஷூவெல்லாம் ஈரமாக, நடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள் வாயாடி. என் காதருகே வந்து, இரண்டு கையாலும் பொத்தியிருந்த வாயைக் கொஞ்சமாகத் திறந்து கேட்டாள்: "மாமா, இப்ப பேசலாமா?"

அது மட்டும் உண்மை.