நாக்கைக் கட்டி வைத்த மணி

அடுப்பில் இன்னொரு கட்டையைப் போடுங்கள். அந்தக் கதவை யாராவது சாத்துங்கள்... ம். இது என் நண்பன் ஸ்டானின் அண்ணி ரோவேனாவுக்கு நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நடுவில் மட்டும் சிரிக்காதீர்கள்.

மாலை ஐந்து மணி. டிசம்பர். நம் அயோவாவில் அந்த நேரத்துக்கே இருட்டத் தொடங்கிவிடும். சரளைக்கல் சாலை... இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த சோளக்காடு, வெறும் தட்டை. அதில் ரோவேனாவின் பிக்கப் வண்டி மட்டும் போகிறது. பக்கத்தில் அவளுடைய ஒரே மகன் டாரின். ஐந்து வயது, சிவப்புக் கோட்டு, வாய் ஓயாத பயல்.

அந்த வருஷம் ரோவேனாவுக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. கணவன் வீட்டு வம்சத்தை வேர்வரை தோண்டிப் பார்ப்பது. நூறு வருஷத்துக்கும் முன்னால் ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்து, இந்த மண்ணை முதலில் உழுதவர்கள் தியார்க்கும் அவன் மனைவி ஃபென்னாவும். அவர்களுக்கு ஐந்து பிள்ளைகள். நான்கு பேருக்குத் தேவாலயத்துக் கல்லறையில் கல் இருக்கிறது. கடைக்குட்டி ஒக்கோவுக்கு மட்டும் இல்லை.

ஏன் இல்லை என்று கேட்கத்தான் அன்று மத்தியானம் கணவனின் சித்தப்பா லவர்ன் வீட்டுக்குப் போயிருந்தாள். கிழவர் காபியை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்.

“பள்ளிக்கூடம் விட்டு வரப்போ பனிப்புயல் பிடிச்சிக்கிச்சு. மூத்தவ கெட்டிக்காரி. தம்பி தங்கச்சிங்களைத் துணி காயப்போடுற கயித்துல வரிசையாக் கட்டிக் கூட்டிட்டு வந்தா. புயல் விட்டப்புறம் நாலு பேரு விறைச்சுப் போயும் உசிரோட கிடந்தாங்க. கடைசிச் சுருக்கு மட்டும் காலி.”

“அதுக்கு ஒரு கல்லாவது நட்டிருக்கலாமே, சித்தப்பா?”

“உடம்பு கிடைக்காம நம்ம ஆளுங்க கல்லு நடமாட்டாங்க, பொண்ணே. நட்டா, தேடுறதை விட்டாச்சுன்னு அர்த்தம். ஃபென்னா விடல. பனி பெய்யிற சாயங்காலமெல்லாம் முற்றத்து மணிய அடிப்பா. சாகுற வரைக்கும் அடிச்சா.”

“மணி இன்னும் இருக்கா?”

“இருக்கு. நாக்குல சாக்கைச் சுத்திக் கம்பியால கட்டி வெச்சது எங்கப்பா. போட்டோ எடுத்துக்கோ. தொடாதே.”

“தொட்டா என்ன, பேய் காபி குடிக்க வருமா?”

வாயைத் திறந்தால் கேலி பேசுகிற மனுஷர் அவர்... அன்று எழுந்து கோப்பையைக் கழுவப் போய்விட்டார்.

அங்கிருந்து வந்து சேர்ந்த தியார்க்கின் பழைய பண்ணையில் வீடு இடிந்து போயிருந்தது. ஒரு புகைபோக்கி, ஒரு கம்பம், கம்பத்தின் மேல் மணி. அவ்வளவுதான். ரோவேனா எஞ்சினை அணைக்காமல், சூட்டுக்காற்றை ஓடவிட்டு, மகனை உள்ளே உட்கார வைத்தாள்.

“எறங்காதடா. அம்மா இப்ப வந்துடுவேன்.”

இரண்டு படம் எடுத்திருப்பாள். பனி விழ ஆரம்பித்தது... சத்தமில்லாமல், பொலபொலவென்று. திரும்பிப் பார்த்தாள். வண்டிக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஆள் இல்லை.

சின்னக் காலடித் தடம் சோளக்காட்டுக்குள் வடக்கே போயிருந்தது. பனி அதை மூடிக்கொண்டிருந்தது. “டாரின்! டேய் டாரின்!” காற்று அவள் குரலை வாயிலேயே பிடுங்கிக்கொண்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தடமும் இருக்காது. ஒக்கோவின் ஞாபகம் வந்ததும் அவள் மணிக்கம்பத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

நம் பண்ணைப் பிள்ளைகளை எப்படி வளர்க்கிறோம்? எங்கே விளையாடினாலும், மணி கேட்டால் வீட்டுக்கு ஓடி வரவேண்டும். டாரினும் அப்படி வளர்ந்தவன்தான். ரோவேனா வேறு எதையும் யோசிக்கவில்லை. கம்பியைப் பிய்த்தாள். விரல் கிழிந்தது. சாக்கை உருவி எறிந்துவிட்டு, கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

முதல் அடி துருப்பிடித்த இருமல் மாதிரி... டொக். அடுத்தது, கணீர்.

அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று காற்று நின்றது. ஈரக் கம்பளியின் வாடை மூக்கில் ஏறியது. பின்னால் பனி நெரிபடும் சத்தம். சரக்... சரக்...

திரும்பினாள். டாரின்! அதே சிவப்புக் கோட்டு, அதே முகம். தெற்குப் பக்கத்திலிருந்து நடந்து வந்தான். தடம் வடக்கே அல்லவா போனது? அதையெல்லாம் பார்க்கிற நிலையிலா இருந்தாள் பெற்றவள்? வாரி அணைத்து, அழுது, முதுகில் ஒன்று வைத்து, வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தாள்.

வழியெல்லாம் பையன் பேசவில்லை. வைப்பர் ஆடுவதையே பார்த்துக்கொண்டு வந்தான். கையைப் பிடித்தால் ஐஸ். ‘பயந்து போயிருக்கான் பிள்ளை’ என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் கணவன் இன்னும் மாட்டுக் கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தான். சூடாக சூப் கொடுத்தாள். பையன் கிண்ணத்தைத் துடைத்தமாதிரி குடித்தான். இன்னும் கேட்டான்... வாயால் அல்ல, கிண்ணத்தை நீட்டி. ஊட்டினாள், கம்பளிமேல் கம்பளியாகப் போர்த்தினாள். கை மட்டும் சூடாகவே இல்லை.

“விளக்க அணைச்சிட்டுத் தூங்குடா, கண்ணு.”

கட்டிலுக்குப் பக்கத்தில் மின்விளக்கு. அதன் பொத்தானைப் போட்டுப் போட்டு அணைப்பதுதான் டாரினுக்கு ராத்திரி விளையாட்டு. தினமும் திட்டு வாங்குவான்.

பையன் எழுந்து உட்கார்ந்தான். விளக்கையே பார்த்தான். பொத்தான் இருந்த பக்கம் அவன் கை போகவில்லை. முன்னால் குனிந்தான்... கன்னத்தை உப்பினான்... பல்பைப் பார்த்து ஊதினான்.

ஊஃப்.

ரோவேனா சுவரைப் பிடித்துக்கொண்டாள். சன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. டாரினின் தடம் போன அந்த வடக்குச் சோளக்காட்டில் இப்போது முழங்கால் ஆழம் இருக்கும்.

விளக்கு அணையவில்லை. பையன் அவளைப் பார்த்தான். பிறகு இன்னும் கொஞ்சம் கிட்டே குனிந்து, பலமாக ஊதினான்.