பிதாகிட்ட யார் கேட்டா?

அட, ஜெபம் அப்புறம் பண்ணிக்கலாம் பாஸ்டர், முதல்ல உக்காருங்க. ஐயோ, அந்த ஜன்னல் மேல இல்ல, அதுல கண்ணாடி இருக்கு. இருங்க, இந்தக் கதவைக் கீழ சாய்க்கிறேன். இடிச்ச வீட்டுக் கதவுதான், ஆனா ஒரு குடும்பத்தையே தாங்கினது, உங்களைத் தாங்காதா?

டீயும் வேணாமா? சரி, விடுங்க.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். திங்கக்கிழமை கோர்ட்டு. அதுக்குள்ள அப்பன் நான் ஜெயிலுக்குப் போய்ப் பையனைப் பாக்கணும், மன்னிச்சுட்டேன்டான்னு ஒரு வார்த்தை சொல்லணும். அதானே? நீங்க போய்ப் பாத்தீங்களாமே, எப்படி இருக்கான்? சிரிச்சானா! சிரிப்பான், சிரிப்பான். அவன் உசரத்துக்கு அந்த ரூம்ல காலை நீட்டக்கூட முடியாது, மடக்கிப் படுத்துக்கிட்டு சிரிக்கிறான். வீட்டுக் கட்டிலே அவனுக்குப் பத்தாம, நான்தான் பலகை வச்சு அடிச்சு நீட்டிக் குடுத்தேன். அன்னைக்குத்தான் உங்க பையனுக்கும் ஒரு பலகை அறுத்துக் குடுத்தேன், ஞாபகம் இருக்கா? கீபோர்டு வாசிக்கிறப்ப ஆளே தெரியலன்னு கேட்டீங்களே. ஒருத்தனை நீட்டினேன், ஒருத்தனை ஏத்தினேன். அப்படித்தான் ரெண்டு பேரும் ஒண்ணா வளந்தாங்க.

இல்ல, இல்ல, நான் பேசி முடிச்சிடறேன். உங்ககிட்ட கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு.

உங்க சபையில நான் கடைசி பெஞ்சு ஆளு. தூங்குறேன்னு நெனச்சிருப்பீங்க. காது தூங்காது பாஸ்டர், வியாபாரி காது. குத்தவாளிக் கூண்டுல நாம நிக்க வேண்டிய இடத்துல ஆண்டவர் ஏறி நின்னாருன்னு சொன்னீங்களே ஒரு நாள், எல்லாரும் அழுதாங்க. என் பையனும் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். எனக்கு வந்தது கோவம். ஒருத்தன் என் கண்ணாடியை உடைக்கிறான், நான் பக்கத்துக் கடைக்காரனைப் பிடிச்சு அறையறேன், கணக்கு தீர்ந்துச்சுங்கறேன். ஊர் என்னைச் செருப்பால அடிக்காது?

தானா முன்வந்தாரு. சரி. அறைஞ்சுக்கோன்னு அவனே கன்னத்தைக் காட்டினாலும், அறையறவனுக்குக் கை கூச வேணாமா?

அன்பு, அன்பு. அதைத் தராசுல வச்சு நான் என்ன பண்றது?

சரி, அதையும் விடுங்க. இரட்சிப்பு இலவசம்னு சொல்றீங்க. என் தொழில்ல ஒண்ணு கத்துக்கிட்டேன். பொழுது பூரா என்கிட்ட சண்டை போட்டு, கோவிச்சுக்கிட்டு தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்து வாங்கினான் பாருங்க ஒருத்தன், அந்தக் கதவை அவன் தேய்ச்சு மெருகு போட்டு, தொட்டுத் தொட்டுப் பாக்கிறான். பாவம்னு நான் சும்மா குடுத்த கதவு? சாக்கடை மேல கிடக்கு. மிதிச்சுக்கிட்டுப் போறாங்க. சும்மா வந்ததுக்கு நம்ம ஆளுங்க குடுக்கிற மரியாதை அவ்வளவுதான்.

மனந்திரும்பணுமா? ஆங், அதான் நானும் சொல்றேன். அந்த வார்த்தையைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க. கடைசியில வேணும்.

இப்போ என் கேள்விக்கு வரேன். பிதா தன் குமாரனைக் குடுத்தாரு, குடுத்தாருன்னு பாடுறீங்களே, அந்தப் பிதாகிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா? பெத்தவருக்கு எப்படி இருந்துச்சுன்னு? மகன் அங்க தொங்குறான், இவர் மேல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்காரு. இறக்கிவிட இவரால முடியும். ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைத் தொண்டையில வச்சுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருக்காரே, அவர் எப்படிச் சோறு தின்னாரு, எப்படித் தூங்குனாரு? அதுக்கு ஏன் ஒரு பாட்டும் இல்ல?

குரல் ஏறுதா? ஏறட்டும். என் கடை.

அந்தம்மா இங்க வந்துச்சு, தெரியுமா. செத்துப்போன மனுசனோட சம்சாரம். என் கடை வண்டியில அடிபட்டாரே சைக்கிள்காரர், அவரோட. இதோ, நீங்க உக்காந்திருக்கிற இடத்துல நின்னுச்சு. வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தா கால்ல விழுந்திருப்பேன். திட்டல. உங்க பையன் ஏன் பாக்காம ஓட்டுனான்னு கேட்டுச்சு. அவ்வளவுதான். உங்க பரிகாரம், பாவநிவாரணம் எல்லாத்துலயும் பாவம் பண்ணவன் இருக்கான், மன்னிக்கிறவர் இருக்காரு. அந்தம்மா எங்க பாஸ்டர் நிக்குது? வாசலுக்கு வெளியிலயா?

ம். நீங்களே தலையைக் குனிஞ்சுட்டீங்க.

உங்க பையன் எப்படி இருக்கான்? இன்னும் கையில கட்டா? சாப்பிடறதில்லையா? உபவாசமா... சிநேகிதனுக்காக அழுது ஜெபிக்கிறானா. நல்லது, நல்லது. அவனுக்கு ரோசம் கொஞ்சம் இருக்குன்னு சந்தோசப்படுங்க.

கோவிச்சுக்காதீங்க, உக்காருங்க. வண்டி வந்துடுச்சு, பாத்தீங்களா? அந்தா, தார்ப்பாய் போட்டு மூடியிருக்கேனே. முன்பக்கம் நசுங்கினதால ஸ்டேஷனுக்கும் கட்டித்தான் இழுத்துட்டுப் போனாங்க, இங்கயும் கட்டித்தான் இழுத்துட்டு வந்தாங்க. நடுவுல ஒருத்தரும் ஏறல. கதவு திறக்குதான்னு பாக்க நான்தான் முதல்ல ஏறினேன். டிரைவர் சீட்டுல உக்கார முடியல. முட்டி ரெண்டும் ஸ்டியரிங்குல இடிச்சுது. சீட்டு முன்னால, கடைசிப் பல்லு வரைக்கும் இழுத்து விட்டிருக்கு.

என் பையன் என்னை விட உசரம் பாஸ்டர். அவன் வண்டி எடுத்தா சீட்டை முதுகுப்பக்கம் முட்ட வச்சுத்தான் எடுப்பான். அன்னைக்கு ஜெபக்கூட்டம் முடிஞ்சு ஸ்பீக்கர் பெட்டிகளை ஏத்திக்கிட்டு வந்தப்ப, உள்ள அவனும் உங்க பையனும்தான்.

பேசாதீங்க. கேளுங்க.

நான் ஜெயிலுக்கே போகலன்னு தானே என்னைத் திருத்த வந்தீங்க? உங்களுக்கு முந்தியே போயிட்டேன். சீட்டு எப்படிடா முன்னால வந்துச்சுன்னு மட்டும் கேட்டேன். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். அவன்தான் ஓட்டிப் பாக்குறேன்னு கெஞ்சினான்ப்பா, சாவியைக் குடுத்தவன் நான், ஜனம் கூடுறதுக்குள்ள நான் டிரைவர் பக்கம் வந்துட்டேன்ப்பான்னான். லைசென்ஸ் கூட இல்லப்பா அவனுக்கு, இந்த இடத்தைத் தாங்க மாட்டான், நான் தாங்குவேன்ப்பான்னான். முட்டாப்பயலேன்னு கத்துனேன். அதுக்கு என்ன சொன்னான் தெரியுமா? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வேற என்னத்தப்பா கேக்கறோம்னான்.

நீங்க பேசினதை நம்பின ஒரே ஆளு அவன்தான், போல.

என்கிட்ட சத்தியம் வாங்கினான். போலீஸ்கிட்ட சொல்லக் கூடாது, வக்கீல்கிட்ட சொல்லக் கூடாது, அம்மாகிட்ட சொல்லக் கூடாது. மூணுக்கும் தலையாட்டினேன். சின்னப் பையன், பேரம் பேசத் தெரியாது. பாஸ்டர்கிட்ட சொல்லக் கூடாதுன்னு கேக்க மறந்துட்டான்.

திங்கக்கிழமை கூப்பிட்டதும் எந்திரிச்சு, ஆமா நான்தான்னு சொல்லப் போறான். நான் கடைசி பெஞ்சுல உக்காந்து வாயை மூடிக்கிட்டு இருப்பேன். இறக்கிவிடற வார்த்தை இப்போ உங்க தொண்டையிலயும் இருக்கு. எப்படி இருக்குன்னு பாருங்க.

கிளம்பிட்டீங்களா? ஜெபம் பண்ணலையா? சரி. பாத்துப் போங்க, அந்த வாசல் நிலை கொஞ்சம் தணிவு. நீங்க குனிய வேணாம் பாஸ்டர், நேரா போங்க. எங்க வீட்டு ஆளுங்கதான் அதுல குனிஞ்சு போகணும்.