தானாக அடங்கும்

யோசனை சொன்னால் எனக்குப் பிடிக்காது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள், சார். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டியே கழுத்து வலி வந்தவள் நான்.

ஐந்தாம் மாடி அக்கா பிள்ளை வளர்த்ததில்லை, வேலைக்குப் போனதில்லை. அதனால் இரண்டைப் பற்றியும் அவருக்குத் தெரியாததே கிடையாது. என் வீட்டுக்காரர் இந்தக் கட்டிடத்தின் லிப்ட் மெக்கானிக். தரைத்தளத்தில் எங்களுக்கு ஓர் அறை. "கிரீஸ் கையோட குழந்தையைத் தூக்குறாரே, வெளங்குமா? முதல்ல இந்த வேலைய விடச் சொல்லு" என்பார் அக்கா. இதைச் சொல்வதற்கு, என் வீட்டுக்காரர் ஓட வைத்த லிப்டில்தான் இறங்கி வருவார்.

போன மாதம் பாப்பா இரண்டு நாள் விடாமல் அழுதாள். ஒரு வயதுதான். "அழுதா உடனே தூக்காத. கதவைச் சாத்திட்டு வெளிய உக்காரு, தானா அடங்கும். அடங்கிட்டா பழகிடுச்சுன்னு அர்த்தம்" என்றார் அக்கா. டாக்டரிடம் காட்டலாம் என்று வீட்டுக்காரர் கெஞ்சினார். நான் அக்கா சொன்னபடி செய்தேன். மூன்றாம் நாள் பாப்பா அடங்கினாள். காதில் சீழ் கட்டி உடைந்திருந்தது. வலது காது இனிக் கேட்காதாம்.

செவ்வாய்க்கிழமை மதியம் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா வந்து பாப்பாவைப் பற்றி விசாரித்தார். சொன்னேன். "அதான் இன்னொரு காது இருக்குல்ல, விடு. ரெண்டு காது இருந்தும் உன் வீட்டுக்காரர் நான் சொல்றத கேக்குறாரா என்ன?" சிரித்துக்கொண்டே லிப்டில் ஏறினார்.

லிப்டின் மெயின் சுவிட்ச் அந்த மொட்டை மாடி அறையில்தான் இருக்கிறது. அந்தச் சாவியும் மாடிக் கதவுச் சாவியும் ஒரே கொத்து. சுவிட்சை அணைத்தேன். அங்கே அடுக்கியிருந்த 'பழுது பார்க்கப்படுகிறது' பலகைகளை மாடிக்கு மாடி மாட்டிக்கொண்டே படியிறங்கினேன். உள்ளே தட்டும் சத்தம் கேட்டவர்கள் வேலை மும்முரமாக நடக்கிறது என்று நினைத்திருப்பார்கள். வீட்டுக்காரர் வேறொரு கட்டிடத்துக்குப் போயிருந்தார்.

லிப்டுக்குள் செல்போன் எடுக்காது. அங்கிருக்கும் அவசர போன் எங்கள் வீட்டில்தான் அடிக்கும். எடுத்தேன். அக்கா முதலில் திட்டினார். பிறகு அழுதார். "மூச்சு முட்டுதும்மா. என் ஸ்ப்ரே வீட்ல இருக்கு. வந்து திறம்மா."

"அழுதா உடனே போகக் கூடாதுக்கா," என்றேன். "தானா அடங்கும்."

மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு மணிக்கு அடங்கிவிட்டார். பழகிவிட்டார் போலிருக்கிறது என்று பாப்பாவுக்குச் சோறு ஊட்டப் போனேன்.

ஆறு மணிக்கு வீட்டுக்காரர் வந்து திறந்தபோது அக்காவுக்கு உடம்பு சில்லிட்டிருந்தது. ஆமாம் சார், நான்தான் கொன்றேன். அவருக்கு ஆஸ்துமா என்பது தெரிந்தே செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரின் வேலையும் போய்விட்டது. அக்கா சொன்னதில் அது ஒன்றுதான் பாக்கியாக இருந்தது.

காலையில் வீட்டுக்காரர் இந்த ஸ்டேஷனுக்கு என்னைப் பார்க்க வந்தார். திட்டவே இல்லை. "புள்ள அழுத ரெண்டு நாளும் கதவைச் சாத்திட்டு வெளிய உக்காந்திருந்தது யாரு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

இதெல்லாம் ஒரு கேள்வியா, சார்? சொன்னது அக்காதானே.