ராக்கு அக்காவுக்குக் கொடுத்த கருவாடு

டீ வேண்டாம் சார். இன்றைக்குச் சனிக்கிழமை, விரதம். தண்ணீர் போதும்.

நான் வேதியியல் பட்டதாரி. ஒரு பெரிய இறால் ஏற்றுமதிக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். ஒவ்வொரு லோடிலும் கொஞ்சம் எடுத்துச் சோதிப்போம். அது தேறினால்தான் மீதி கப்பலேறும். ஆட்குறைப்பில் என்னை அனுப்பிவிட்டார்கள். ஊர் திரும்பிய எனக்கு வேலை கொடுத்தவர், பெரியபட்டினத்தில் கருவாடு போடும் ஜுனைதாம்மா. "படிச்ச புள்ள சும்மா இருக்கக் கூடாது, வா தம்பி" என்றார். நோன்பு மாதத்தில் எனக்கும் ஒரு தூக்கு கஞ்சி எடுத்து வைப்பார். அதை நான் மறக்கவில்லை.

போன ஐப்பசியில் வெயிலே இல்லை. காயாத மீனில் ஈ மொய்த்துப் புழு வைத்தது. கூடை கூடையாகக் குழி தோண்டிப் புதைத்தோம். ஜுனைதாம்மா மணலில் உட்கார்ந்து அழுதார். மீன் கீறும் ராக்கு அக்காதான் அவரைச் சிரிக்க வைக்கப் பார்த்தாள். "ஏலே காளி, காலேசுல இதத்தான் சொல்லிக் குடுத்தாகளா? பட்டம் வாங்கிட்டு இங்கன ஈ ஓட்டுற."

படித்ததைப் பயன்படுத்தினேன். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை உப்புத் தொட்டியில் கலந்தேன். ஜுனைதாம்மாவிடம் உப்பை மாற்றியதாகச் சொன்னேன். ஈ வரவில்லை. அவர் எனக்காக துஆ செய்தார்.

எவ்வளவு கலக்கலாம் என்று சோதிக்க அங்கே கருவி கிடையாது. சின்ன வியாபாரம்தானே. அதனால் அளவை மாற்றும்போதெல்லாம் முதல் கையளவு கருவாட்டை ராக்கு அக்காவுக்குக் கொடுப்பேன். "புள்ளைக்கு வறுத்துக் குடுங்கக்கா" என்பேன். மறுநாள் அவள் வேலைக்கு வந்தால் சரக்கு திருவாடானைச் சந்தைக்குப் போகும். ஒருமுறை தலை சுற்றுகிறது என்றாள். அடுத்த தொட்டியில் குறைத்தேன்.

"நீ குடுக்குறதுலதான் தம்பி எங்க வீட்டுல சோறு எறங்குது" என்பாள். நான் கருவாடு தொடுவதில்லை. பெருமாளுக்கு வேண்டுதல் என்று சொல்லியிருந்தேன்.

கார்த்திகையில் மழை விடவே இல்லை. அளவைக் கூட்டினேன். மறுநாள் காலை அக்கா வரவில்லை. அவள் வீடு அடுத்த தெருதான். ஆனாலும் முதலில் சரக்கைக் கவனித்தேன். எல்லாவற்றையும் குழியில் போட்டு மண் தள்ளிவிட்டு, கை கழுவிக்கொண்டு போனேன். அவள் புருஷன் அய்யப்பன் வாசலில் நின்றான். "விடியக்காலையிலருந்து வாந்தி. ஆட்டோ கெடைக்கல காளி" என்றான். உள்ளே தாயும் மகளும் மூச்சடங்கிக் கிடந்தார்கள்.

ஜுனைதாம்மாவை விட்டுவிடுங்கள் சார். அவருக்கு ஒன்றும் தெரியாது. கலந்தது நான். கொடுத்ததும் நான்.

ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தொட்டியிலிருந்து ஒரு மீன்கூடச் சந்தைக்குப் போகவில்லை. நாலு பேர் வாங்கிச் சாப்பிடுகிற பொருள் சார், அதில் நான் எப்போதும் கவனமாக இருப்பேன்.